எனக்கு அடுத்து எடுத்தவர்

ஆறு ஆண்டுகளுக்கு மேல், 1998 மார்ச் முதல் 2004 ஜூன் வரை, எனக்கு ஒரு வாசகர் இருக்கிறார் என்று நம்பியிருந்தேன். ஆணா பெண்ணா என்று தெரியாது. பெயர் தெரியாது. அவரைப் பற்றி என்னிடம் இருந்தவை சில தேதிகள் மட்டும். தேதிகளோடு பழகியவன் என்பதால் அவையே போதும் என்று இருந்தேன்.

1995இல் திருச்சியிலிருந்து பெரம்பலூர் தனி மாவட்டமாகப் பிரிந்தபோது கோப்புகளும் பிரிந்தன. அவற்றை லாரியில் ஏற்றி வந்தவர்களில் நானும் ஒருவன். பதிவறை எழுத்தர். எந்தக் கோப்பு எந்தக் கட்டில் இருக்கிறது, என்று உள்ளே வந்தது, என்று வெளியே போனது, யார் கையெழுத்துப் போட்டு எடுத்தார்கள் என்று எழுதிவைப்பது என் வேலை. கோப்புகளோடு வந்தவன் கோப்புகளோடு தங்கிவிட்டேன். கல்யாணம் ஆகவில்லை. அதற்கான காரணங்கள் இந்தக் கட்டுரைக்கு வேண்டியதில்லை.

பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் நடுவே ஓர் ஊரில் அறை எடுத்தேன். ஊரின் பெயரை எழுதப்போவதில்லை. ஏன் என்பது பின்னால் தெரியும். 2001இல் அரியலூரும் தனி மாவட்டமானது. என்னையும் என் பொறுப்பில் இருந்த கோப்புகளையும் அங்கே அனுப்பினார்கள். அடுத்த ஆண்டே இரண்டையும் சேர்த்துவிட்டார்கள். அதே கட்டுகள், அதே கயிறு, அதே நான், திரும்பி வந்தோம். அறையை நான் மாற்றவில்லை. காலையில் சாலையின் எந்தப் பக்கம் நின்று பஸ் ஏறுகிறேன் என்பது மட்டும் மாறியது.

அந்த ஊரில் ஒரு சிறிய நூலகம் இருந்தது. ஒரே நீள அறை. ஒரு பக்கம் நாளிதழ் மேசை, மறுபக்கம் ஆறு இரும்பு அலமாரிகள். வாசலில் பலகை: வெள்ளிக்கிழமை விடுமுறை. எனக்கு அலுவலகம் சனி, ஞாயிறு இல்லை. ஆகவே சனிக்கிழமைதோறும் காலை பத்து மணிக்கு அங்கே இருப்பேன். புத்தகத்துக்குத் தவணை பதினான்கு நாள். புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் ஒட்டிய தேதிச் சீட்டில், திருப்பித் தரவேண்டிய தேதியை முத்திரை குத்திக் கொடுப்பார்கள். பதினான்கு நாள் என்பதால் எந்தக் கிழமை எடுத்தோமோ அதே கிழமைதான் தவணை முடியும். என் முத்திரைகள் எல்லாம் சனிக்கிழமைகள்.

நூலகர் ஒரு பெண், என்னைவிட இரண்டு மூன்று வயது சிறியவர். அதே ஊரில் வீடு. நாளிதழ் மேசையில் எப்போதும் ஒருவர் இருப்பார். சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர். வாரம் ஒருமுறை நான் பேசிய மனிதர்கள் என்று எடுத்துக்கொண்டால், அலுவலகத்தையும் ஓட்டலையும் விட்டுவிட்டால், இந்த இரண்டு பேர்தான்.

"வாங்க சார். இன்னைக்கு என்ன, ஆடா, மாடா, கப்பலா?" என்பார் நூலகர்.

அவர் கேலிக்கு நியாயம் உண்டு. நான் அலமாரியை வரிசையாகப் படித்தேன். நாவல் முடிந்தால் பக்கத்திலிருந்த தேனீ வளர்ப்பு. அது முடிந்தால் பழைய பஞ்சங்களின் வரலாறு. பிறகு ஒரு கப்பல் சமையல்காரரின் வாழ்க்கை, எந்த மொழியிலிருந்தோ வந்த மொழிபெயர்ப்பு. கிணறு வெட்டுவதைப் பற்றி ஒன்று. மாட்டு வைத்தியம். குறுநோட்டு ஒன்றில் நூல், தொடங்கிய நாள், முடித்த நாள், கிழமை, படித்த இடம் என்று ஐந்து பத்திகள் போட்டு எழுதிவந்தேன். 'இடம்' என்ற பத்தியில் பெரும்பாலும் 'அறை' என்றே இருக்கும். சில இடங்களில் 'பஸ்'.

இப்படிப் படிப்பதால் என்ன கிடைத்தது என்று கேட்டால், கிணறு நூலைச் சொல்வேன். அதைப் படித்த பிறகு, பக்கத்துக் காட்டில் தண்ணீருக்கு ஆழ்துளைப் போர் போட்ட அன்று நான் இரண்டு மணி நேரம் வெயிலில் நின்றேன். வெளியே வந்த சேற்றின் நிறம் மாறமாற, எந்தப் பாறையைத் தாண்டுகிறார்கள் என்று எனக்குத் தெரிந்தது. காட்டுக்காரர் என்னைப் பார்த்து, "சார் ஜோசியம் பாப்பீங்களா?" என்றார். இல்லை என்றேன். "அப்ப ஏன் இந்த மண்ண மோந்து பாத்துக்கிட்டு நிக்கிறீங்க?" படித்ததெல்லாம் கண்ணுக்குள் வந்துவிடுகிறது, வாய்க்கு வருவதில்லை. வந்தாலும் கேட்க ஆள் வேண்டும்.

அதனால்தான் எழுத ஆரம்பித்தேன் என்று நினைக்கிறேன். கொள்ளிடத்துக்கு அந்தப் பக்கத்து ஊர் ஒன்றிலிருந்து ஒரு சிறு மாத இதழ் வந்துகொண்டிருந்தது. 1997இல் அதற்கு ஒரு நூல் மதிப்புரை அனுப்பினேன். இதழாசிரியர் கார்டு போட்டார்: "நன்று. ஆனால் நூலில் என்ன இருக்கிறது என்பதைவிட உங்களுக்கு என்னவெல்லாம் தெரியும் என்பதுதான் அதிகம் இருக்கிறது. பாதியாக வெட்டிப் போடுகிறேன்." போட்டார். பிறகு மாதம் ஒரு பக்கம் எனக்கென்று ஒதுக்கினார். சன்மானம், இதழின் இரண்டு பிரதிகள். ஒன்றை நான் வைத்துக்கொள்வேன். மற்றதை நூலகத்தின் இதழ் மேசையில் வைப்பேன். மதிப்புரையின் அடியில் ஒரு வரி எப்போதும் சேர்ப்பேன்: இந்நூல் எங்கள் ஊர் நூலகத்தில், இன்ன அலமாரியில் இருக்கிறது.

1998 பிப்ரவரி இதழில் நிலவியல் பற்றிய ஒரு சின்ன நூலைப் பற்றி எழுதினேன். எங்கள் பக்கம் ஒரு காலத்தில் கடலாக இருந்தது என்று அந்த நூலில் ஓர் அத்தியாயம். அதைப் படித்துவிட்டு எங்கள் பஸ் நிறுத்தத்தில் சாலைக்காகக் கொட்டியிருந்த கல் குவியலைக் கிளறினேன். மூன்றாவது கல்லில் சிப்பி இருந்தது. வரிவரியாக, விரல் நகம் அளவு. இரண்டு வருடத்துக்கு மேலாக அந்தக் குவியலின் பக்கத்தில் நின்றுதான் பஸ்ஸுக்குக் காத்திருந்தேன். அதையே மதிப்புரையின் முதல் பத்தியாக எழுதினேன்.

லாரிக்காரர் இதழைப் புரட்டிவிட்டுச் சொன்னார்: "என்ன சார், சுண்ணாம்புக்கல்லுக்குமா புக்கு போட்டுட்டான்? முப்பது வருசம் நான் ஏத்தி எறக்குனேன். ஒரு சிப்பியும் என்கிட்ட பேசல."

"உங்ககிட்ட யாருதான் பேசுவா?" என்றார் நூலகர், நிமிராமல்.

மார்ச் மாதம் ஒரு சனிக்கிழமை, வேறொரு சந்தேகம் பார்ப்பதற்காக அந்த நிலவியல் நூலை அலமாரியிலிருந்து எடுத்தேன். கடைசிப் பக்கத்தைத் திருப்பியது பழக்கத்தால். நான் எடுப்பதற்கு முன்னால் அந்த நூலைக் கடைசியாக ஒருவர் எடுத்துப் பதினோரு வருடம் ஆகியிருந்தது. பிறகு என் முத்திரை. இப்போது அதன் கீழே இன்னொன்று, புதிய ஊதா மையில்.

என் மதிப்புரையைப் படித்துவிட்டு யாரோ வந்து, மூன்றாவது அலமாரியைத் தேடி, அந்த நூலை எடுத்துப் போயிருக்கிறார். வேறு விளக்கம் எனக்குத் தோன்றவில்லை. அன்று அறைக்குத் திரும்பும் வழியில் ஓட்டலில் இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை. சொல்லவேண்டியவர் யார் என்று யோசித்துப் பார்த்தேன். அந்த வாசகரைத் தவிர யாரும் நினைவுக்கு வரவில்லை.

அதற்குப் பிறகு மதிப்புரை எழுதிய ஒவ்வொரு நூலையும் போய்ப் பார்ப்பேன். எல்லாவற்றிலும் முத்திரை விழவில்லை. பல நூல்கள் ஏற்கெனவே நன்றாக ஓடுபவை; அவற்றில் யாருடையது எது என்று பிரிக்க முடியாது. ஆனால் வருடக்கணக்கில் தூங்கிக்கிடந்த நூலைப் பற்றி எழுதினால், ஒரு மாதத்துக்குள் என் முத்திரைக்குக் கீழே ஒரு முத்திரை. தேனீ. கிணறு. பஞ்சம். கப்பல் சமையல்காரர். குறுநோட்டின் பின்பக்கத்தில் ஒரு தனிப் பட்டியல் தொடங்கினேன்: நூல், மதிப்புரை வந்த இதழ், அவர் எடுத்த தவணைத் தேதி.

ஒருமுறை கேட்டுப் பார்த்தேன்.

"மேடம், இந்தப் புக்க எனக்கப்புறம் யாரோ எடுத்திருக்காங்க போல."

"எடுத்திருப்பாங்க சார்." அவர் நாளிதழ்களைக் கம்பியில் கோத்துக்கொண்டிருந்தார்.

"யாருன்னு தெரிஞ்சா ஒரு வார்த்தை பேசலாம்னு..."

"அதெல்லாம் சொல்லக்கூடாதுங்க சார். நீங்க என்ன எடுக்குறீங்கன்னு நான் யார்கிட்டயாவது சொல்றேனா?"

லாரிக்காரர் பேப்பருக்குப் பின்னாலிருந்து சொன்னார்: "போன வாரம் நீங்க மாட்டு வைத்தியம் எடுத்தது ஊருக்கே தெரியும் சார். எங்க வூட்டு மாடு ரெண்டு நாளா தீனி எடுக்கல, சாரக் கூட்டியாங்கன்னு எம் பொண்டாட்டி சொல்லுது."

மூன்று பேரும் சிரித்தோம். பேச்சு அதோடு போய்விட்டது.

கேட்டுத் தெரிந்துகொள்ள முடியாது என்று ஆனபிறகு, அந்த வாசகரை நானே உருவாக்கிக்கொண்டேன். சில மாதங்கள் அவர் ஒரு கிராமச் செவிலியர். சில மாதங்கள் செட்டிகுளம் பக்கம் சின்ன வெங்காயம் போடுகிற ஒருவர், மனைவி வழியில் எங்கள் ஊருக்கு வந்துபோகிறவர். பஸ்ஸில் மடியில் புத்தகம் வைத்திருப்பவர்களைப் பார்க்க ஆரம்பித்தேன். அரியலூரில் வேலை பார்த்த 2001இல், மாலை பஸ் நிலையத்தில், பழுப்புத் தாளில் அட்டை போட்ட புத்தகத்தை ஓர் அம்மாள் படித்துக்கொண்டிருந்தார். எங்கள் நூலகத்திலும் கிழிந்த நூல்களுக்கு அதே மாதிரிதான் அட்டை போடுவார்கள். பக்கத்தில் உட்கார்ந்து, கொஞ்ச நேரம் தயங்கி, "என்ன புக்குங்க?" என்று கேட்டுவிட்டேன்.

"ஜெபப் புத்தகம் சார். ஏலாக்குறிச்சி மாதா கோயிலுக்குப் போறோம்." என்னை ஏற இறங்கப் பார்த்தார். "உங்களுக்கு எதுவும் கஷ்டமா? பேரு சொல்லுங்க, சேத்து வேண்டிக்கிறேன்."

கஷ்டம் ஒன்றும் இல்லை என்றேன். பேரை மட்டும் சொன்னேன். அவர் பஸ் வந்தது, ஏறிப் போனார்.

இந்த வருடங்களில் என் எழுத்து மாறியது. இதை நான் சொல்லவில்லை, இதழாசிரியரின் கார்டுகள் சொல்கின்றன. எல்லாவற்றையும் தேதிவாரியாக வைத்திருக்கிறேன். 1997இல் "பாதியாக வெட்டுகிறேன்". 1999இல் "இம்முறை வெட்ட ஒன்றும் இல்லை". காரணம் எளியது. முன்பு யாரென்று தெரியாத பலருக்காக எழுதினேன். அவர்கள் முன்னால் நான் சிறியவனாகத் தெரியக்கூடாது என்ற பயம் வரிக்கு வரி இருந்தது. இப்போது ஒருவருக்கு எழுதினேன். அவர் அடுத்த சனிக்கிழமையோ அதற்கு அடுத்ததோ அந்த நூலை உண்மையிலேயே திறக்கப்போகிறவர். அவரை ஏமாற்ற முடியாது. நூலில் இருப்பதைக் கூட்டிச் சொன்னால் அவருக்குத் தெரிந்துவிடும். படிக்காத அத்தியாயத்தைப் படித்ததாகக் காட்டினால் தெரிந்துவிடும். எங்கே அலுக்கும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்: நாற்பதாம் பக்கம் வரை பொறுத்துக்கொள்ளுங்கள், அதற்குப் பிறகு ஆசிரியர் தன் ஊருக்கு வந்துவிடுகிறார். 'அனைவரும் படிக்க வேண்டிய நூல்' என்று எழுதுவதை விட்டேன். அனைவரையும் எனக்குத் தெரியாது.

எழுதுவதற்காக ஒவ்வொரு நூலையும் இரண்டு முறை படித்தேன். இரண்டாவது முறை அவர் கண்ணால் படிப்பதாக நினைத்துக்கொள்வேன். அறையில் இன்னொருவர் இருப்பது போலத்தான் அது.

ஒருமுறை வலைகூட வீசினேன். தேனீ நூலின் கடைசியில் ஒரு மரம் வருகிறது. அதை எங்கள் பக்கத்தில் என்ன பெயர் சொல்லி அழைக்கிறார்கள் என்று தெரிந்தவர்கள் இதழுக்கு ஒரு கார்டு போடலாம் என்று மதிப்புரையில் எழுதினேன். முத்திரை விழுந்தது. கார்டு வரவில்லை. கூச்சப்படுகிறவர் போல என்று குறுநோட்டில் எழுதிவைத்தேன். என்னைப் போல என்றும் ஒரு சொல் சேர்த்திருக்கிறேன். இப்போது அந்தப் பக்கத்தைப் பார்க்கக் கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது.

2004 ஜூனில் இதழாசிரியரிடமிருந்து கார்டு வந்தது. தாள் விலையைச் சொல்லி, பக்கங்களைக் குறைக்கப்போவதாக எழுதியிருந்தார். "கதைக்கும் கவிதைக்கும் கடிதங்கள் வருகின்றன. உங்கள் பக்கத்துக்கு இந்த ஏழு வருடத்தில் ஒன்றும் வந்ததில்லை. ஒரு வசவாவது வந்திருக்கலாம். யாராவது படிக்கிறார்களா? எனக்குச் சொல்லுங்கள், முடிவெடுக்கிறேன்."

கோபம் வந்தது, கூடவே ஒரு கர்வமும் வந்தது. என்னிடம் ஆதாரம் இருந்தது. எந்தக் கதைக்காரரிடமும் இல்லாத ஆதாரம். ஒருவர் படிக்கிறார், படிப்பதோடு நிற்காமல் எழுந்து போய் அந்த நூலை எடுக்கிறார், ஆறு வருடமாக எடுக்கிறார். தேதிகளோடு பட்டியல் அனுப்புகிறேன் என்று பதில் போட்டேன்.

அந்தச் சனிக்கிழமை நூலகத்தில் பட்டியலில் இருந்த பதினோரு நூல்களையும் வரிசையாக எடுத்து, சீட்டுகளை என் குறிப்போடு ஒப்பிட்டேன். ஒரு தேதிகூடத் தப்பவில்லை. நூலகர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். "என்ன சார், ஆடிட்டா?" என்றார். சிரித்துக்கொண்டே ஆமாம் என்றேன். அவர் சிரிக்கவில்லை. அதை அன்று நான் கவனித்தேன். என்ன என்று யோசிக்கவில்லை.

மறுநாள் ஞாயிறு மதியம், அறையில் உட்கார்ந்து முழுத்தாளில் கோடு போட்டு, பட்டியலை நல்ல பிரதியாக எழுதினேன். எழுதி முடித்ததும் தேதிகளுக்குப் பக்கத்தில் ஒரு பத்தி காலியாக இருந்தது. கை தானாகக் கோடு போட்டிருந்தது: கிழமை. என் படிப்புக் குறிப்பில் கிழமை இல்லாத தேதி கிடையாது. அவருடைய தேதிகளுக்கு மட்டும் நான் கிழமை எழுதியதே இல்லை. பட்டியல் முழுமையாக இருக்கட்டும் என்று பெட்டிக்கு அடியிலிருந்து பழைய காலண்டர்களை எடுத்தேன்.

முதல் தேதி, வெள்ளி. இரண்டாவது, வெள்ளி. மூன்றாவதற்குக் காலண்டரைப் பிரிக்கும்போதே தெரிந்துவிட்டது. இருந்தாலும் பதினொன்றையும் பார்த்தேன். பதினொன்றும் வெள்ளி.

தவணை பதினான்கு நாள். வெள்ளிக்கிழமை தவணை முடிகிறது என்றால் வெள்ளிக்கிழமை எடுத்திருக்க வேண்டும். வெள்ளிக்கிழமை நூலகம் பூட்டிக்கிடக்கும். அன்று உள்ளே இருக்கக்கூடியவர் ஒருவர்தான்.

ஒரு கோப்பில் தேதி பிசகியிருந்தால் பத்தடி தூரத்தில் நின்று சொல்லிவிடுவேன் என்று அலுவலகத்தில் பேச்சு உண்டு. அந்த நான், என் தேதிகளுக்கு அருகிலேயே, எப்போதும் ஒரு நாள் தள்ளியே இருந்த தேதிகளை ஆறு வருடம் பார்த்திருக்கிறேன். கிழமை பார்க்காமல் விட்டது மறதி என்று சொல்ல ஆசைதான். பார்க்க வேண்டாம் என்று எனக்குள் ஏதோ இருந்திருக்கிறது.

அன்று வெளியே போகவில்லை. ஓட்டலுக்கும் போகவில்லை. கூடத் தங்கியிருந்தவர் சொல்லாமல் காலி செய்துகொண்டு போன மாதிரி அறை பெரிதாக இருந்தது.

அடுத்த சனிக்கிழமை, லாரிக்காரர் டீ குடிக்க எழுந்து போகும்வரை காத்திருந்தேன். பிறகு பட்டியலை மேசைமேல் வைத்தேன். நூலகர் படித்தார். கடைசிப் பத்திக்கு வந்ததும் தாளைத் திருப்பிக் கவிழ்த்துவைத்தார்.

"எல்லாம் வெள்ளிக்கிழமையா சார்?"

"எல்லாம்."

"பதினாலு நாள் எண்ணித்தான் வெச்சேன். கிழமைய நெனக்கலைங்க." வாசல் பக்கம் ஒருமுறை பார்த்தார். பிறகு சொன்னார்: "வெள்ளிக்கிழமைதான் கூட்டிப் பெருக்க வருவேன். யாரும் இருக்க மாட்டாங்க. தொண்ணூத்தேழுல ஒரு லிஸ்ட் கேட்டாங்க சார். பல வருசமா யாரும் தொடாத புக்கெல்லாம் கழிச்சுக்கட்டணும்னு. ரெண்டு மூட்டை போச்சு. எத அனுப்புறது, எத வெக்கிறதுன்னு எனக்கு என்ன தெரியும்? அட்டையப் பாத்து அனுப்புனேன். அடுத்த வருசம் மறுபடியும் கேப்பாங்கன்னு சொன்னாங்க. அப்பத்தான் நீங்க அந்தக் கடல் புக்கப் பத்தி எழுதியிருந்தீங்க. அத எப்படி சார் மூட்டையில போடுறது? சீட்டுல ரெண்டு சீல் இருந்தா கேக்க மாட்டாங்க. எங்க வூட்டுக்காரர் நூலக டிக்கெட்டுல எடுத்த மாதிரி போட்டேன்."

"அவரு படிப்பாரா?"

"அவரா? பஸ்ஸுல போர்டு படிப்பாரு."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் கேட்கவேண்டியது ஒன்று மீதமிருந்தது. ஆறு வருடமும் அதில்தான் நின்றது.

"நீங்க படிச்சீங்களா மேடம்? அந்தப் பதினொன்னுல ஏதாவது?"

அவர் பொய் சொல்லியிருக்கலாம். ஒரு நூலின் பெயரைச் சொல்லியிருந்தால் போதும், நான் வாங்கிக்கொண்டு போயிருப்பேன்.

"இல்லைங்க சார். புள்ளைங்க ரெண்டு பேரு, மாமியாரு, இந்த வேலை. புக்கு படிக்க நேரம் ஏது? உங்க பக்கத்தப் படிப்பேன். அது ஒரு பக்கந்தானே. படிச்சதும், சரி, இது இருக்கட்டும்னு தோணும். அவ்வளவுதான்."

லாரிக்காரர் செருப்பைத் தட்டிக்கொண்டு உள்ளே வரும் சத்தம் கேட்டது. நான் பட்டியலை மடித்து எடுத்துக்கொண்டேன். குரலைத் தாழ்த்தி, "இனிமே வெள்ளிக்கிழமையில வெக்காதீங்க. யாராவது கிழமை பாத்தா உங்க வேலைக்கு ஆபத்து. சீல் வெக்கிறதுன்னா நூலகம் தெறந்திருக்கிற நாளா பாத்து வைங்க" என்றேன். அவர் தலையாட்டினார்.

பதிவறையில் இத்தனை வருடங்களில் உத்தரவு இல்லாமல் ஒரு தாளை நான் கிழித்ததில்லை. அந்தப் பட்டியலை அறைக்குப் போனதும் கிழித்தேன். இதழாசிரியருக்கு எழுதினேன்: "ஆதாரம் என்று நான் சொன்னது தவறு. ஆனால் ஒருவர் என் பக்கத்தைப் படிக்கிறார். நேரில் கேட்டேன்." அவர் பதில் ஒரே வரி: "ஒருவர் என்றால் பக்கம் இருக்கட்டும்."

எழுதிக்கொண்டிருந்தேன். எழுத்து கெட்டுவிடும் என்று பயந்தேன், கெடவில்லை. இல்லாத ஒருவருக்காக நூலை இரண்டு முறை படித்த பழக்கம், அவர் இல்லை என்று தெரிந்த பிறகும் இருந்தது. ஆனால் இரண்டாவது முறை படிக்கும்போது இப்போது யார் கண்ணையும் கடன் வாங்க முடியவில்லை. என் கண்ணாலேயே படித்தேன். பஞ்ச வரலாற்றை அப்படி மறுபடி எடுத்தபோது, முதல் முறை நான் பாராட்டி எழுதிய அத்தியாயம் ஆசிரியர் எங்கோ படித்து எழுதியது என்பதும், நான் தாண்டிப்போன ஒரு சின்ன அத்தியாயம்தான் அவர் நடந்துபோய்ப் பார்த்து எழுதியது என்பதும் தெரிந்தன. அதைத் திருத்தி எழுதினேன். அந்தத் திருத்தம் வேண்டும் என்று உலகத்தில் யாரும் கேட்டிருக்கவில்லை. எழுதி முடித்த அன்று நன்றாகத் தூங்கினேன். மதிப்புரை எழுதுவதற்கு ஒரு பலன் உண்டா என்று கேட்டால் என்னால் உறுதியாகச் சொல்ல முடிந்தது இது ஒன்றுதான்.

2006இல் இதழ் அறிவிப்பு இல்லாமல் நின்றது. இரண்டு மாதம் காத்திருந்துவிட்டு ஒரு கார்டு போட்டேன். பதில் இல்லை. எழுதிவைத்திருந்த மூன்று மதிப்புரைகளை நூலகரிடம் காட்டினேன். அவர் வாங்கி, கோந்து எடுத்து, அந்தந்த நூலின் முன் அட்டைக்கு உள்பக்கம் ஒட்டினார். "எழுத்து பொடிசா இருக்கு சார். அடுத்ததுக்குக் கொஞ்சம் பெருசா எழுதுங்க" என்றார். பழைய பதினொன்றுக்கும் ஒவ்வொன்றாகப் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்தேன். அதற்கு ஒரு வருடம் ஆனது.

2007 நவம்பரில் அரியலூர் மறுபடியும் தனி மாவட்டமானது. மறுபடி கட்டுகள், கயிறு, லாரி. இந்த முறை அரியலூரிலேயே அறை பார்த்துக்கொண்டேன். வயதாகிறது, தினமும் பஸ் ஏற முடியவில்லை. கடைசிச் சனிக்கிழமை கையிலிருந்த இரண்டு நூல்களைத் திருப்பிக் கொடுத்தேன்.

"அப்ப இனிமே வர மாட்டீங்களா சார்?" என்றார் லாரிக்காரர். "எங்க மாட்ட யாரு பாப்பா?"

"அரியலூர்ல ஆஸ்பத்திரி இருக்கு. கூட்டியாங்க."

"மாடு பஸ் ஏறாது சார்."

கிளம்புவதற்கு முன் ஒருமுறை அலமாரியைச் சுற்றி வந்தேன். கிணறு நூலை எடுத்து அட்டையைத் திறந்தேன். என் தாள் ஒட்டியபடி இருந்தது. ஒரு மூலையில் மட்டும் யாரோ நகத்தால் நெருடிய மாதிரி கொஞ்சம் எழும்பியிருந்தது. கடைசிப் பக்கத்தைத் திருப்பினேன். என் சனிக்கிழமைக்குக் கீழே ஒரு வெள்ளிக்கிழமை, அது பழையது. அதற்குக் கீழே என் இன்னொரு சனிக்கிழமை. அதற்கும் கீழே ஒரு புதிய தேதி. பையிலிருந்த அந்த வருடத்துக் காலண்டரைப் பார்த்தேன். செவ்வாய்.

செவ்வாய்க்கிழமை நூலகம் திறந்திருக்கும். யாராவது வந்திருக்கலாம். கிணறு வெட்டப்போகிற ஒருவர் வந்து, அட்டைக்குள் இருந்ததைப் படித்துவிட்டு எடுத்துப் போயிருக்கலாம். அல்லது ஒரு லிஸ்ட் வரப்போகிறது என்று கேள்விப்பட்டு நூலகர் செவ்வாய்க்கிழமையாகப் பார்த்து ஒரு முத்திரை குத்தியிருக்கலாம். வெள்ளிக்கிழமை வேண்டாம் என்று சொன்னவன் நான். இரண்டையும் பிரித்துச் சொல்ல என்னிடம் இருந்த ஒரே வழியை நானே அடைத்திருந்தேன்.

அவர் நாளிதழ்களைக் கம்பியில் கோத்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தார். நான் எந்த நூலைக் கையில் வைத்திருக்கிறேன் என்று அவருக்குத் தெரிந்தது. யார் எடுத்தது என்று நான் கேட்கவில்லை.

"வரேன் மேடம்."

"போயிட்டு வாங்க சார்."

நிறுத்தத்தில் அரியலூர் பஸ்ஸுக்கு நின்றபோது குறுநோட்டை எடுத்து எழுதினேன். நூல்: கிணறு. தேதி. கிழமை: செவ்வாய். 'எடுத்தவர்' என்று புதிதாக ஒரு பத்தி போட்டு, அதில் பேனாவை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தேன். பஸ் வந்துவிட்டது. அந்தப் பத்தி இன்னும் காலியாகத்தான் இருக்கிறது.